சிர்க்கா மாட்டிய குட்டி ஸ்கோப்

கிழக்குப் பின்லாந்தில் எங்கள் ஊர் வேட்டைக் குழுவில் துப்பாக்கி தூக்கும் ஒரே பெண் என் நாத்தனார் சிர்க்கா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நான் குழுவுக்குச் சமைப்பவள். அடுப்படிக்கு எட்டாத வம்பு எங்கள் காட்டில் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் அவள் சுட்ட மூஸ் மான் காயத்தோடு ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடித்தான் அதன் வேதனையை முடித்தார்கள். கோளாறு கையில் இல்லை. துப்பாக்கி மேல் குறிபார்க்க மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பிடித்திருந்த மட்டமான வளையங்கள் தளர்ந்து குறி விலகியிருந்தது. தலைவர் வைனோ அதையெல்லாம் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா துப்பாக்கிய வீட்லயே வச்சிடும்மா. நாயோட சேர்ந்து மான விரட்டு, போதும்."

எத்தனை ஆண்கள் குறி தவறியிருக்கிறார்கள், இவளுக்கு மட்டும் சட்டமா?

கோடையில் சிர்க்கா கெட்டியான எஃகு வளையங்கள் வாங்கினாள், உயரம் குறைந்தவையாகப் பார்த்து. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்ததும் கண் தானாகக் கண்ணாடியின் நடுவில் விழ வேண்டுமாம். ஸ்கோப்பும் குட்டிதான், பெரிதாக்காமலே பார்க்கலாம், மிஞ்சினால் ஆறு மடங்கு. திருகுகளை அளவு பார்த்து முடுக்கினாள். சுட்டுப் பழகும் திடலிலேயே குடியிருந்தாள் என்று சொல்லலாம்.

குழுவில் இன்னொருவனான ரெய்யோவோ உலக்கை மாதிரி ஒரு ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன சிர்க்கா, பொம்மைக் கடையில வாங்கினியா? என்னோடதுல நிலாவுல இருக்கிற பள்ளமே தெரியும்!"

"அப்போ நிலாவுக்கே போய்ச் சுடு. நம்ம காட்டுல கல்லெறி தூரத்துக்கு மேல என்னடா தெரியுது?"

அக்டோபரில் முதல் நாள் வேட்டை. நாய் குரைத்தது. என் அடுப்பருகே இருந்த வாக்கி டாக்கியில் ரெய்யோ அலறினான்:

"போச்சு! பக்கத்துலயே வந்துச்சு, கண்ணாடி முழுக்க வெறும் ரோமம்! தலை எது வால் எதுன்னே தெரியல. சிர்க்கா, உன் பக்கம் ஓடுது!"

கரண்டி என் கையிலேயே நின்றது. ஒரு வெடி. அப்புறம் சத்தமே இல்லை.

"சிர்க்கா, என்னம்மா ஆச்சு?" வைனோவின் குரல். கடவுளே, மறுபடியுமா?

"விழுந்துடுச்சு," என்றாள் கடைசியில். "பத்தடி கூடத் தாண்டல. செத்துடுச்சான்னு கிட்டப் போய்ப் பார்த்துட்டுத்தான் பேசறேன்."

நான் போட்ட கூச்சலில் அடுப்பே அணைந்திருக்கும்.

சாயங்காலம் எல்லோர் முன்னாலும் வைனோ தொப்பியைக் கழற்றினார்.

"சதுப்பு நிலத்து ஓரமா நின்னு சுடற இடம் நாளைக்கு உனக்குத்தாம்மா."

குழுவிலேயே நல்ல இடம் அது. தலைவர்தான் அங்கே நிற்பது வழக்கம்.

"நாளைக்கு மட்டுமா?" என்றாள் என் நாத்தனார்.

"உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

"அப்போ நீங்க வேற இடம் பாத்துக்குங்க, வைனோ," என்றாள் அவள்.