சுகர் கூட்டமும் ஒரு வேளைப் பட்டினியும்

சர்க்கரை வியாதி வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வியாதியைவிட அதைப் பற்றிப் பேசிப் பேசித்தான் அலுத்துப்போனேன். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பஸ்ஸைப் பிடித்து பேரையூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனித்தனியாக டாக்டரைப் பார்த்ததெல்லாம் போய், இப்போது பதினைந்து பேரை வட்டமாக உட்காரவைத்து ஒன்றாகப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, எல்லோர் முன்னாலும் நம்பரைப் படிப்பார் நர்ஸம்மா. சுகர் குறைந்தவர் எழுந்து என்ன சாப்பிட்டார் என்று சொல்வார், மற்றவர்கள் கைதட்டுவோம். கூடியவர் தலையைக் குனிந்துகொள்வார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்த வயதில் மறுபடியும் பரீட்சை.

பரீட்சையில் நான் கள்ளத்தனம் பண்ணினேன். முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். நம்பர் இறங்கிவிடும். கேப்பைக் களி, வாக்கிங் என்று வாய் கூசாமல் அளந்துவிட்டு உட்காருவேன்.

அடுத்த நாற்காலியில் உட்காருகிறவள் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரி. பருத்திக்காட்டு வேலைக்குப் போகிறவள். ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவளுக்கு எப்போதும் முந்நூறைத் தொடும். ஒரு தடவை நம்பரைப் படித்ததும் அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டாள். திரும்பி வரும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. என் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன்.

"மொத நா ராத்திரி சாப்பிடாம வா. அம்புட்டுத்தான்."

நான் மாத்திரை சாப்பிடுகிறவள். அவள் இன்சுலின் ஊசி போடுகிறவள். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். இருந்த அலுப்பில் நான் எதையும் காதில் வாங்கவில்லை.

அடுத்த மாதம், ராத்திரி வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். காலையில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தாள். ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது, பிறகு கண் செருகிவிட்டது.

"அண்ணே, எங்கயும் நிப்பாட்டாம ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே!" என்று கத்தினேன். டிரைவர் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய் விட்டார்.

குளுக்கோஸ் ஏற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அந்த அரை மணி நேரமும் அவள் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தபின் என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த கூட்டத்தில் நர்ஸம்மா அவளை எழுப்பி நிறுத்தினார்.

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லல சிஸ்டர். எனக்காத்தான் தோணுச்சு."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று நான் முந்தின ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். என் நம்பர் இருநூற்று நாற்பது. ஏன் இப்படி ஏறியது என்று கேட்டார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"ஏன்டி என்னயச் சொல்லல?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா ஒன்னய வைவாங்க. நீ கோவிச்சுக்கிட்டு வராமப் போயிருவ. பெறகு நான் மயங்குனா என்னய யாரு பிடிப்பா, அக்கா?"