வேப்பமரத்தடித் தலையணைகள்

விடியுமுன் சென்னையிலிருந்து கிளம்பி, காலை ஏழரைக்குத் திண்டிவனத்தில் பஸ் மாறினேன். செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பக்கத்து சீட்காரர் கோட்டைக்கா என்று விசாரித்தார். குப்பைமேட்டுக்கு என்றேன். அதற்குப் பிறகு இறங்கும் வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் வசதியாகத்தான் போயிற்று. விடிந்ததும் விடியாததுமாகப் பேச்சுக் கொடுப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

கோட்டையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது, பல வருஷத்துப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பயன்படுத்தும் வேலையைப் பார்க்க. மண் தனியாக விழுந்துவிடும். எரியக்கூடிய துணியும் பிளாஸ்டிக்கும் லாரி ஏறி, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் உலைக்குப் போகும். அங்கே அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம், இங்கே குப்பை கிடந்த இடம் மிச்சம். கேட்கவே நன்றாயிருந்தது.

ஒன்பது மணிக்கு பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் செல்வம் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார். மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் மேட்டில் நிற்கும் வேப்பமரத்துக்கு முன்பே இறக்கிவிடுவேன், மரத்தடிக்கு வரமாட்டேன் என்று கறாராகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"அங்க எங்க நைனா தலகாணி கெடக்குது சார்."

போகும் வழியில் அவரே விளக்கினார். வீட்டில் ஒருவர் இறந்தால், காரியம் முடிந்த கையோடு அவர் படுத்த பாயையும் தலையணையையும் வெளியே போட்டுவிடுவார்கள். குப்பை வண்டியோடு வரும் பெண்கள் அதை மற்றக் குப்பையோடு கலப்பதில்லை, கிழித்துப் பஞ்செடுப்பதுமில்லை. வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். தானாக மக்கட்டும் என்று கணக்கு.

நான் இறங்கியபோது வானம் மூடிக்கிடந்தது. ஓர் இலை அசையவில்லை. சலிக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். குப்பை வண்டிப் பெண்கள் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தன. அடியில் மார்பு உயரத்துக்குத் தலையணைகள். குவியலின் கீழே கிடந்தவை மழையில் சப்பையாகிவிட்டன. மேலே கிடந்தவற்றில் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. பள்ளம் மேலே பார்க்கும்படி வைப்பது அவர்கள் வழக்கமாம். அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோ போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். செல்வம் தூரத்தில் நின்றிருந்தார்.

மேற்பார்வையாளர் சேலத்து இளைஞர். பன்னிரண்டு மணிக்குக் கடைசி லாரி, மரத்தடியையும் காலி செய்தால்தான் வேலை முடியும் என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். பெண்கள் அசையவில்லை. அவர்களில் மூத்தவர் கஸ்தூரி. அவர் கணவர் இறந்து இரண்டு வருஷம். தலையணை அந்தக் குவியலில்தான் இருந்தது.

"அவர பொதைச்சோம் சார். நெருப்புக்குப் போவாத மனுஷன். இப்ப தலகாணிய ஒலையில போடுன்னா எப்படி போடறது?" என்றார் என்னிடம்.

சொல்லிக்கொண்டே குவியலில் கையை ஊன்றியவர், வெடுக்கென்று எடுத்தார். மறுபடி மெதுவாக வைத்துப் பார்த்தார். பிறகு என்னையும் தொடச் சொன்னார். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலே இல்லாத நாள். அடுத்ததைத் தொட்டேன், அதற்கடுத்ததையும். எல்லாப் பள்ளத்திலும் அதே உடம்புச் சூடு. இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு பெண் முணுமுணுத்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் கடப்பாரையைத் தரையில் இறக்கி உருவினார். துளையிலிருந்து மெல்லிய புகை வந்தது. நுனியைத் தொட முடியவில்லை. பழைய குப்பைக்குள் எங்கோ பிடித்த நெருப்பு அடியோடு நகர்ந்து மரத்தடிக்கு வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் குவியல் பற்றிக்கொள்ளும், புகையெல்லாம் இந்தப் பெண்கள் குடியிருக்கும் காலனிக்குத்தான் போகும் என்றார்.

கஸ்தூரி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கீழேந்தே தேடிக்கினு வந்துடுச்சு" என்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து, "பிரிச்சுடலாம்" என்றார்.

தினமும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பவர்கள். இப்போது எரித்தவர்களுடையது லாரிக்கு, புதைத்தவர்களுடையது மண்ணுக்கு என்று பிரித்தார்கள். வீடுவீடாக வாங்கி வந்தவர்கள் என்பதால் உறையைப் பார்த்ததுமே ஆளைச் சொன்னார்கள். பூப்போட்டது அவலூர்பேட்டை ரோட்டு டீக்கடைக்காரர், எரித்தார்கள். பச்சை உறை தையல்காரர் சம்சாரம், புதைத்தார்கள். செல்வத்தின் அப்பா முறை வந்ததும் அவரைக் கூப்பிட்டார்கள். வந்தார். இரண்டு கையாலும் வாங்கி, லாரியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவுக்குப் போனார்.

மற்றவற்றுக்கு, நெருப்பு எட்டாத ஓரமாகக் குழி வெட்டினார்கள். கணவருடையதைக் கஸ்தூரியே இறங்கி வைத்தார், பள்ளம் மேலே பார்க்கும்படி. சலித்த மண் அதன்மேல் விழுந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. உறை இல்லாத, நீலக்கோடு போட்ட சின்னத் தலையணை. யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யார் கொண்டுவந்து வைத்தது என்றும் தெரியவில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று ஐந்து பேரும் சொன்னார்கள். மற்றவை ஆறிவிட்டிருந்தன, அது மட்டும் இன்னும் சூடாக இருந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கஸ்தூரி என்னைப் பார்த்தார்.

"உங்க வூட்ல இன்னா சார் வழக்கம்?"

"எரிக்கிறது" என்றேன்.

"அப்ப நீங்களே போடுங்க."

வாங்கிக்கொண்டேன். குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்க வந்தது. லாரியில் வைத்தபோது, என்னையும் அறியாமல், பள்ளத்தை மேலே பார்க்க வைத்தேன்.

இரவு எட்டு மணிக்கு சென்னையில் வீடு வந்து சேர்ந்தேன். என் தலையணை, காலையில் நான் எழுந்தபோது விழுந்த பள்ளத்தோடு கட்டிலில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

எங்கள் தெருவுக்கும் தினமும் குப்பை வண்டி வருகிறது. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்; பையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். வண்டியில் வரும் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்கும் தெரியாது. ஒருநாள் இந்தத் தலையணை அவர் கைக்குப் போகும்போது, எந்தப் பக்கம் போடுவது என்று அவர் யாரைக் கேட்பார்?