மயிலையின் இடது கொம்பு

போன மாதம் சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் பல் பிடுங்கப் போனேன். ஈறில் ஊசி போட்டுவிட்டு, "மரத்துப் போச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள் டாக்டர் பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். "இன்னும் இல்லம்மா" என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். உதடு தடித்துக் கிடப்பது எனக்கே தெரிந்தது. இருந்தும், "இன்னும் இல்ல" என்றேன். மூன்றாம் முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயமா ஆன்ட்டி?"

பயமெல்லாம் இல்லை. ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவளுக்கு ஒரு பல் என்ன பெரிய பாடு. அந்தக் கேள்விக்கு மட்டும் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோயிருந்தது. எழுத்து எனக்கு ஏறவில்லை. ஆனால் மாடு மேய்ப்பதில் அந்தத் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது; இதை நான் இன்றைக்கும் சொல்வேன். எங்களிடம் மூன்று மாடுகள் இருந்தன. அதில் மயிலை என்ற பசு என்னைத் தவிர யாருக்கும் தலை கொடுக்காது. நான் கொம்படியில் கை வைத்தால் அப்படியே கண்ணை மூடி நிற்கும்.

அதன் இடது கொம்பு கோணலாக வளர்ந்து முகத்துப் பக்கம் திரும்பிவிட்டது. இன்னும் ஒரு விரல் அளவு வளர்ந்தால் கண்ணைக் குத்திவிடும். அதற்கு முன்பெல்லாம் நாலு ஆம்பளைகள் மாட்டைக் கட்டிச் சாய்த்துக் கொம்பை அறுப்பார்கள். மாடு கத்துகிற கத்தல் தோட்டத்தின் அடுத்த பிரிவு, அந்த டிவிஷன் வரைக்கும் கேட்கும். எனக்கு அது பிடிக்கவில்லை என்று அழுதேன். அப்பா யாரிடமோ சொல்லி அரசாங்க மாட்டு டாக்டரை வரவழைத்தார்.

மோட்டார் சைக்கிளில் வந்தார். யான் என்ற ஊர்ப் பக்கத்து மலாய்க்காரர், வயல் எருமைகளோடு வளர்ந்தவராம். வலி தெரியாமல் கொம்பை எடுப்பேன் என்றார். மாட்டுக்குக்கூட வலி தெரியாமல் ஊசி உண்டா என்று லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

மயிலையை ரம்புத்தான் மரத்தில் கட்டி, தலையை என்னிடம் கொடுத்தார்கள். கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவே எலும்பு ஒரு வரப்பு மாதிரி ஓடும். டாக்டர் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, கொம்புக்குப் போகிற நரம்பு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குக் காட்டி, அந்த இடத்தில் மருந்தை இறக்கினார். பிறகு இன்னொரு மெல்லிய ஊசியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

கொம்படியில் குத்திப் பார், மாட்டுக்குத் தெரிந்தால் 'பெலும்', இன்னும் இல்லை என்று சொல். தெரியாவிட்டால் 'சுடா', ஆகிவிட்டது என்று சொல். மேல் இமையும் தூக்கம் வந்ததுபோல் இறங்கும். அதுவரை அவசரம் வேண்டாம். இவ்வளவையும் மலாயில் நிதானமாகச் சொல்லிவிட்டு, மாட்டின் அந்தப் பக்கம் போய்க் கம்பி ரம்பத்துக்குக் கைப்பிடி மாட்ட ஆரம்பித்தார்.

அத்தனை பேருக்கு முன்னால் என் வார்த்தைக்காக ஒரு டாக்டர் காத்திருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குத்தினேன். காது வெடுக்கென்று ஆடியது. "பெலும்" என்றேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி குத்தினேன். தோல் சிலிர்த்தது. "பெலும்."

அம்மாவின் தம்பி, என் மாமா, கூட்டத்துக்கு முன்னால் நின்றார். வாய்த்துடுக்குக்காரர். "டாக்டரு ஊசி போட்டது மாட்டுக்கா, ஒனக்காடி? நீதான் மரத்துப் போயி நிக்கிற!" என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "மாடு தூங்கிட்டா எழுப்பி வுடு லா, நாங்க வூட்டுக்குப் போவணும்!" என்று இன்னொரு தரம் சிரிக்க வைத்தார்.

அப்பாவுக்கும் பொறுமை போய்விட்டது. "ஆச்சா, இல்லியா? சொல்லித் தொலை புள்ள."

எனக்கு முகம் எரிந்தது. மூன்றாம் முறை ஊசியைக் கொம்படியில் வைத்தேன், குத்தவில்லை. என் கை பட்டதும் மயிலை வழக்கம்போல அசையாமல் நின்றது. இமை இறங்கவில்லை. அதையும் பார்த்தேன்.

"சுடா!" என்று உரக்கச் சொன்னேன்.

"பெத்தூல்?" என்று கேட்டார் டாக்டர். உண்மைதானா என்று அர்த்தம். தலையை ஆட்டினேன்.

ரம்பம் இரண்டே இழுப்பு இழுத்தது. மயிலை போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் பறந்தன. தலையை உதறியதில் வலது கொம்பு டாக்டரின் முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. கூட்டம் சிதறி ஓடியது. நான் மட்டும் கயிற்றோடு நின்றேன். மயிலை என்னை இடிக்கவில்லை. என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளப் பார்த்தது. பாவாடையெல்லாம் ரத்தம்.

"என்னா மருந்துய்யா இது? தண்ணிய ஊத்திக் கொண்டாந்தியா?" என்று அப்பா தமிழில் கத்தி, அதையே மலாயிலும் கத்தினார்.

டாக்டர் கைக்குட்டையை எடுத்து முழங்கையைக் கட்டிக்கொண்டார். ரத்தத்தைத் துடைத்துவிட்டு மயிலையின் கொம்படியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு இமை இறங்காத அதன் கண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பா பக்கம் திரும்பி, "ஊபாட் லாமா" என்றார். பழைய மருந்து, தப்பு என்னுடையது என்று.

இன்னொரு ஊசி போட்டார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அந்த மெல்லிய ஊசியை மறுபடியும் என்னிடம் நீட்டினார்.

இந்தத் தடவை மாமா என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. வெகுநேரம் கழித்து இமை மெல்லக் கீழே வந்து பாதிக் கண்ணை மூடியது. அழுத்திக் குத்தினேன். ஒரு சிலிர்ப்பு இல்லை. "சுடா" என்றேன், எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. கொம்பு அறுபட்டு விழும்போது மயிலை வாயிலிருந்த புல்லை மென்றுகொண்டு நின்றது.

கவர்மெண்டு மருந்து வெறும் தண்ணி என்று அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து மாமாவின் கிடேரி ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தது. உள்ளே கன்று குறுக்கே நின்றுவிட்டது. டாக்டருக்கு ஆள் அனுப்புங்கள் என்று அத்தை அழுதாள். "அந்தத் தண்ணி டாக்டரா? போடி" என்றார் மாமா. நான் அங்கேதான், தொழுவத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்து நல்ல மருந்துதான் மாமா, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. மறுநாள் கிடேரியும் கன்றும் போய்விட்டன. மாமா அதன் தலைமாட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவர் சாகும்வரைக்கும் நான் சொல்லவில்லை. அந்த டாக்டரும் எங்கள் தோட்டத்துக்குப் பிறகு வரவே இல்லை, யாரும் கூப்பிடவில்லை.

கொம்பு அறுத்த அன்றைக்கு எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. பாவாடையை அலசிப் போட்டுவிட்டு, பெரிய டாக்டர், பாவம், என்னிடம் ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என்மேல் துளி சந்தேகம் இருந்திருந்தால் அந்த ஊசியை மறுபடியும் என் கையிலேயே கொடுத்திருப்பாரா என்று எண்ணி, நிம்மதியாகச் சோறு தின்றேன்.