அருந்ததி தெரியாத வைகாசி

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பெருமாட்டியில் தென்னந்தோப்பும் கடலைக்காடுமாக நாங்கள் விவசாயம் பார்த்த காலம்.

எங்கள் கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி பார்க்கச் சொன்னார்கள். எல்லாப் பெண்களையும் போல நானும் வெறும் வானத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். அன்று பொழுது சாய்ந்ததும் நிஜ அருந்ததியைக் காட்டியவர் என் வீட்டுக்காரர். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவிலுள்ளது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக ஒரு பொட்டு, அதுதான் அருந்ததி. அதன்பின் கோடைதோறும், யார் முதலில் கண்டுபிடிப்பது என்று இருவரும் போட்டி போடுவோம்.

ஒரு வைகாசியில் அவர் போட்டிக்கு வரவில்லை. பேச்சும் குறைந்துபோனது. நல்ல காளை ஜோடியை விற்றார். நிலத்தை என் பேருக்கு எழுதினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எதற்கு என்று கேட்டால் மழுப்பினார். நிலைப்படியில் இடித்துக்கொண்டு வருவார். கள்ளுக்கடைப் பழக்கம் என்று நினைத்துச் சண்டை போட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள், நேராகக் கிணற்றை நோக்கி நடந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏனுங்க, கண்ணு தெரியிலீங்களா?"

அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வைகாசியிலயே அருந்ததி தெரியில புள்ள. அது தெரியாதவனுக்கு ஆறு மாசந்தான் ஆயுசுன்னு சொல்லுவாங்க. உன்னைய எதுக்கு அழுக வெக்கோணும்னு சொல்லுல."

மறுநாளே பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனேன். கதையைக் கேட்ட கண் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வசிஷ்டரும் அருந்ததியும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று கேட்பது பழைய காலத்துக் கண் பரிசோதனை என்றார். டெலஸ்கோப்பில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகத் தெரியுமாம். அருந்ததிக்கு வெளிச்சம் குறைவு, பார்வை மங்கினால் முதலில் மறைவது அதுதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம். வைகாசியிலேயே வந்திருந்தால், மிச்சமிருந்த பார்வையைக் காப்பாற்றியிருக்கலாமாம்.

ஆறு மாதக் கெடு முடிந்தது. அவர் சாகவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார், இருட்டில். சித்திரை வந்தால் ராத்திரி வாசலில் நின்று, "ரண்டும் இருக்குதா புள்ள?" என்பார். "இருக்குதுங்க" என்பேன்.

யார் கிளப்பிவிட்ட பேச்சோ, இன்றும் அதை என் முன்னால் சொன்னால் எரிந்து விழுகிறேன். சாவு வரும் என்று காத்திருந்தே மனுஷன் கண்ணைத் தொலைத்தாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.