தங்கம்மாள் சுமந்த பெட்டி

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் மீன் வறுபடும் வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் தங்கம்மாள் கடையில்தான் போய் நிற்பீர்கள். தள்ளுவண்டிக் கடைதான், ஆனால் அதற்கு இருக்கிற மிடுக்கு பெரிய ஓட்டல்களுக்குக் கிடையாது. ஒகேனக்கல் மீனை ஒகேனக்கல் மீன் என்றும், ஏரி மீனை ஏரி மீன் என்றும் சொல்லித்தான் விற்பாள். எல்லாம் ஒன்றுதானே என்று எவனாவது வாயைத் திறந்தால் தொலைந்தான். கணவர் லாரி விபத்தில் போன பிறகு, இந்த வண்டியை வைத்துத்தான் ஒரே மகள் காவியாவை ஆளாக்கினாள். காவியா இப்போது ராணுவத்தில் இருக்கிறாள், மிலிட்டரி போலீஸ். வண்டிக் கண்ணாடியில் அவளுடைய சீருடைப் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் மீன் வாங்கிவிட முடியாது. "எம் பொண்ணுங்க" என்று தங்கம்மாளே கரண்டியால் காட்டிவிடுவாள்.

வண்டிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறவர் அவளுடைய அண்ணன் கிருஷ்ணப்பன். அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போன படையில் இருந்து திரும்பி வந்தவர். ஆனால் அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் கேட்டவர்கள் ஊரில் இல்லை. நமக்கென்ன வம்பு என்று நறுக்கிக்கொண்டே இருப்பார்.

இந்த வருஷம் பக்கத்து நாட்டில் உள்நாட்டுச் சண்டை முற்றிப்போய், அந்த அரசாங்கம் நம் படையை அனுப்பச் சொல்லிக் கேட்டது. அவ்வளவுதான், தில்லியில் பிடித்த வாக்குவாதம் பொம்மிடி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அடேயப்பா, என்ன பேச்சு! அனுப்பியே ஆகவேண்டும் என்று ஒரு கூட்டம், அடுத்தவன் சண்டையில் நம் பிள்ளைகள் ஏன் சாகவேண்டும் என்று ஒரு கூட்டம். முடிவானால் முதலில் கிளம்புகிற பிரிவுகளில் காவியாவுடையதும் ஒன்று என்று பேசிக்கொண்டார்கள். அதனால் கடைக்கு வருகிறவனெல்லாம் தங்கம்மாளின் வாயைக் கிளறினான்.

"நீ என்னக்கா சொல்ற, அனுப்பலாமா வேணாமா?"

"மீன் வேணுமா வேணாமா, அத சொல்லு மொதல்ல" என்பாள். மனசுக்குள் மட்டும் வேறொன்று அரித்துக்கொண்டே இருந்தது. மகள் போவாளா மாட்டாளா என்பதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொள்வாள். போய்விட்டுத் திரும்பி வரும்போது இந்த ஊர் அவளை என்ன கண்ணால் பார்க்கும் என்பதுதான் அவளைத் தூங்கவிடாத கேள்வி.

அப்படி இருக்கும்போதுதான் அந்த பிளக்ஸ் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. தங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் உரசிக்கொண்டிருந்தாள். கம்பைநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அவளுடைய நாத்தனார் ஜானகியம்மாள், கையில் பெரிய ரோஜா மாலையோடு, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ தங்கம்மா! எங்கொலக்கொடிய வாரிக் குடுத்துட்டியே! ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே!"

"யாருக்கு என்னாச்சு அண்ணி?"

"பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸே வெச்சிட்டாங்களே, என்னைக் கேக்கறியே!"

தங்கம்மாள் மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். போனை எடுத்து மகளுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். கையில் செதிலோடு, தலை முடியைக்கூட அள்ளி முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அங்கே ஆள் உயரத்துக்குக் காவியா நின்றிருந்தாள். கறுப்புப் பின்னணி, பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு, மேலே இரண்டு கண்ணீர்த் துளிகள். ஊரில் யார் செத்தாலும் வைக்கிற அதே பிளக்ஸ். கீழே இருந்த எழுத்தைத் தங்கம்மாள் கூட்டிப் படித்தாள்: "இந்தத் தாயின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? படை அனுப்பாதே!"

விஷயம் இதுதான். படை அனுப்பக் கூடாது என்ற கூட்டத்துக்குத் தலைவர் மாயவன், கடலை வியாபாரி. கெட்டவர் இல்லை. தாயின் கண்ணீர் என்று எழுதிப் படத்தைக் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். பிளக்ஸ் கடைக்காரர் கண்ணீர் என்ற எழுத்தைப் பார்த்ததும் கை பழகிய டிசைனைப் போட்டு அடித்துத் தள்ளிவிட்டார். அதற்குள் பிளக்ஸின் காலடியில் நாலு மாலை விழுந்து கிடந்தது. யாரோ ஊதுபத்திகூட ஏற்றி வைத்திருந்தார்கள்!

தங்கம்மாள் அந்த ஊதுபத்தியைக் காலால் தேய்த்து அணைத்தாள். அப்போதுதான் போன் அடித்தது.

"என்னம்மா, நான் செத்துட்டனாமே?" காவியா சிரித்தாள். "டியூட்டியில இருந்தேன், இப்பத்தான் போன ஆன் பண்ணேன். யாரோ போட்டோ அனுப்பியிருக்காங்க. படம் நல்லாத்தான் இருக்குது."

"அடிப் பாவி மவளே!" என்ற தங்கம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

பதறிப்போய் வந்து பிளக்ஸை அவிழ்த்த மாயவனுக்கு விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கூத்து அதோடு முடியவில்லை. மத்தியானம் எதிர்க்கூட்டத்து அருள்குமார், வேட்டி கசங்காமல் வந்து நின்றார். "விடுங்கக்கா. நாங்க வீரத்தாய்னு உங்களப் போட்டு இதவிடப் பெருசா வெக்கறோம். சாயங்காலம் எங்க மேடையில வந்து பொன்னாட மட்டும் வாங்கிக்குங்க" என்றார்.

"ஒருத்தன் எம் பொண்ணப் பொணமாக்கறான், இன்னொருத்தன் செலையாக்கறான். ஆளா வுட மாட்டீங்களாடா?" என்றாள் தங்கம்மாள். பிறகு என்ன நினைத்தாளோ, "மேடைக்கு வரேன். பொன்னாட வேணாம். மைக்கு மட்டும் குடு" என்றாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அம்மியது. மாயவன் ஆட்கள் ஒரு பக்கம், அருள்குமார் ஆட்கள் ஒரு பக்கம். தங்கம்மாள் மீன் வண்டிக்குக் கட்டுகிற பழைய சேலையோடே ஏறி, மைக்கைப் பிடித்தாள்.

"இந்தக் கூட்டத்துல ஓரமா நிக்கறாரே, அது எங்கண்ணன். இலங்கைக்கு அனுப்பினாங்க, போனாரு. போவலாமா வேணாமான்னு அவரையா கேட்டாங்க? திரும்பி வந்து நம்ம ஸ்டேஷன்ல எறங்கறாரு. ஒருத்தர் வரல. நம்ம சனத்தையே சுட்டுட்டு வந்தவன்னு இந்தக் கடவீதியில மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க. பெட்டியத் தூக்கக் கூலியாளுகூட வரல. நான் அப்ப பாவாட தாவணி கட்டற வயசு. அந்த இரும்புப் பெட்டியத் தலையில தூக்கி வெச்சிக்கிட்டு, கடவீதி நடுவுலயே, வேணும்னே மெதுவா நடந்தேன். எங்கண்ணன் எம் பின்னாடி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு. பெட்டி கனமா இல்லைங்க. அந்தத் தலைதான் எனக்குக் கனமா இருந்துச்சு."

கூட்டத்தில் தலைகள் கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பின.

"அனுப்பலாமா வேணாமான்னு நல்லாப் பேசுங்க. சத்தமாப் பேசுங்க. பேசாம அனுப்பினாத்தான் தப்பு. ஆனா தில்லியில சொன்னா எம் பொண்ணு போவும். அது அவ வேல. வேணாம்னா இங்கயே நிக்கும். எதுவானாலும், அவ இந்த ஊருக்குத் திரும்பி வர்றப்ப ஸ்டேஷன்ல ஆளு நிக்கணும். அனுப்புன்னவனும் நிக்கணும், அனுப்பாதன்னவனும் நிக்கணும். சண்டைய அங்க வந்து போட்டுக்குங்க, எனக்கொண்ணும் இல்ல." மைக்கை அருள்குமார் கையில் திணித்துவிட்டு இறங்கினாள். "எண்ண காயுது, நான் போறேன்."

கைதட்டல் அவள் வண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஓயவில்லை. கிருஷ்ணப்பன் வந்து முக்காலியில் உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயத்தை இன்னும் உரிக்கக்கூட ஆரம்பித்திருக்கவில்லை.

தில்லியில் முடிவு எடுப்பதற்கு முன்பே காவியாவுக்கு லீவு கிடைத்தது. புறப்படுவதானால் பிறகு கிடைக்காது என்று கொடுத்த லீவு. காலை வண்டியில் வருகிறாள் என்று தெரிந்ததும் தங்கம்மாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். யார் வருவார்கள், மேடையில் பேசினால் ஊர் மாறிவிடுமா என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிளாட்பாரத்தில் ஏறியதும் நின்றுவிட்டாள். மாயவன் கடலை மூட்டைக்காரர்களோடு நிற்கிறார். அருள்குமார் கையில் மாலையோடு நிற்கிறார். இருவருக்கும் அங்கேயும் வாய்த்தகராறுதான்.

"அனுப்பக் கூடாதுன்னா கூடாதுதான்யா! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நம்மூட்டுப் பொண்ணு வருது, நான் வராம இருப்பனா?" என்று மாயவன் கத்திக்கொண்டிருந்தார்.

ஜானகியம்மாளும் வந்திருந்தாள், மறுபடியும் ரோஜா மாலையோடு. தங்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும், "இது உசுரோட இருக்கறவங்களுக்குப் போடற மாலதான்" என்று அவசரமாகச் சொன்னாள்.

வண்டி வந்து நின்றது. காவியா சீருடையில் இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள், பிறகு மாலைகளுக்குக் குனிந்தாள். அவளுடைய பெட்டியைத் தூக்க மாயவன் ஆள் ஒருவரும் அருள்குமார் ஆள் ஒருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

இருவர் கையையும் விலக்கிக்கொண்டு கிருஷ்ணப்பன் வந்தார். தோளில் கிடந்த துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, பெட்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டார். "மாமா, சக்கரம் வெச்ச பெட்டி, இழுத்துக்கிட்டே போலாம்" என்றாள் காவியா.

"தெரியும்மா" என்றார் அவர்.

கடைவீதி நடுவில், வேண்டுமென்றே மெதுவாக, நிமிர்ந்து நடந்தார். கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அத்தனை வருஷமாக வாய் திறக்காத மனுஷன், ஊருக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்:

"வழி வுடுங்கப்பா! எங்க வூட்டுப் பட்டாளம் வருது!"