அப்பாவின் போனுக்குப் போன ஓடிபி

பிஎஸ்சி நர்சிங் சீட் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். சிறுபான்மை மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை வந்தால்தான் ஃபீஸ் கட்ட முடியும். வருமானச் சான்றிதழ் கைக்கு வரவே கடைசி நாளாகிவிட்டது. எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

எல்லாம் ஏற்றியாயிற்று. "ஓடிபி சொல்லும்மா" என்றார் கடைக்கார அண்ணன். அப்போதுதான் உறைத்தது, என் ஆதாரில் இருப்பது அப்பாவின் நம்பர். எங்கள் பக்கம் வீட்டில் யார் போனுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறோமோ, அவர் நம்பரைத்தான் எல்லோர் ஆதாருக்கும் கொடுப்போம். அப்பாவோ விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய், ஃபேக்டரி கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே வேலையில் இருந்தார்.

கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்க ஆளில்லை. "இன்னொரு தபா அனுப்பட்டா?" என்று அண்ணனும் அனுப்பிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் விண்ணப்பத் தளம் மூடிவிட்டது.

ரயிலிறங்கி வந்த அப்பா சிரித்தார். "இன்னாம்மா, நம்பர் நம்பரா வந்துகீது! லாட்டரி எதுனா அடிச்சிச்சா?"

சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

சீட் போயிற்று. இப்போது நானும் அதே ரயிலில் அதே ஃபேக்டரிக்கு, பேக்கிங் வேலைக்குப் போகிறேன். பியுசி, அதாவது பிளஸ் டூ, படிக்கும் தங்கைக்கும் நர்சிங்தான் ஆசை. முதல் சம்பளத்தில் அவளுக்கென்று போனும் சிம்மும் வாங்கி, ஆதாரில் நம்பரையும் மாற்றிவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஆதாரில் யார் நம்பர் இருக்கிறதென்று இன்றே பாருங்கள்.

கேட்டில் போனைக் கொடுக்கும்போது அப்பா தினமும் கேட்கிறார்: "தங்கச்சி போனு அவகிட்டதானே கீது?"