கொல்லைக்கு வாங்கிய டேப்

டேப்லெட் வேண்டும் என்று கேட்டது நான். பணப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நின்றதும் நான். கடைக்காரர் மட்டும் என் தோளுக்கு மேலே பார்த்து, என் வீட்டுக்காரரிடம், "அண்ணே, புள்ளைங்க இன்னா படிக்கறாங்க?" என்று கேட்டார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எனக்கு இது புதிதில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற பொம்பளைக்கும் வாய் உண்டு என்பது அங்கே சிலருக்கு இன்னும் தெரியாது.

"புள்ளைங்களுக்கு இல்லீங்க. எங்க கொல்லைக்கு," என்றேன்.

அவர் சிரித்தார். "கொல்லைக்கு டேப்பா? மரவள்ளிக்குப் படம் போட்டுக் காட்டப் போறீங்களா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் அப்படித்தான், யார் சிரித்தாலும் துணைக்குச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர் கரியாலூரிலிருந்து உள்ளே நடந்து போகிற தூரம். காட்டை ஒட்டிய சரிவில் எங்கள் கொல்லை. மாமனாரின் அப்பா காலத்திலிருந்து அதில் சாமையும் மரவள்ளியும் போடுகிறோம். ஆனால் அது எங்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நாலு வள்ளம் சாமை விதைக்கிற இடம் என்று சொன்னால் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் புரியும். மனு எழுதுகிற காகிதத்துக்கு அது புரியாது. கரியாலூரில் நடந்த கூட்டத்தில், தலைமுறையாகப் பயிர் வைக்கிறவர்கள் உரிமை கேட்டு மனு கொடுக்கலாம், கூடவே எல்லையைப் படமாகக் கொடுத்தால் நல்லது என்றார்கள். விளக்க வந்த அம்மா ஒரு டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தார். அவர் நடந்த வழியெல்லாம் திரையில் கோடாக விழுந்தது. டவர் கிடைக்காத இடத்திலும் விழும் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லா டேப்லயும் இது ஆகாதும்மா. கம்மி விலையில வர்றதுல சாட்டிலைட்டப் புடிக்கிற பாகமே இருக்காது. பாத்து வாங்கு," என்றார்.

வீட்டில் போன் இல்லையா என்றால், இருக்கிறது. அது என் வீட்டுக்காரரோடு கிழங்கு லாரி ஏறிப் போய்விடும். தவிர அதன் திரையில் எது கோடு, எது கீறல் என்று கண்டுபிடிக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டும். கொல்லை எங்கள் கையில் நிற்குமா நிற்காதா என்கிற விஷயத்தை அந்தப் போனை நம்பி விட நான் தயாராக இல்லை.

"இது சாட்டிலைட் புடிக்குமாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அதெல்லாம் சூப்பரா புடிக்கும்மா. சவுண்டக் கேளுங்க," என்று ஒரு பாட்டை அலற விட்டார்.

"வெளிய எடுத்தாங்க, வெயில்ல நடந்து பாக்கறேன்."

"டிஸ்ப்ளே பீஸு வெளிய போவாது. டப்பாவப் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம். படிக்கத் தெரியுமில்ல? அதோ எழுதியிருக்கு பாருங்க."

பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். சுவரில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"ஏன் இப்படி எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்கற? ஏதோ ஒண்ண வாங்கினு போலாம் வா. பஸ்ஸு பூடும்," என்றார் வீட்டுக்காரர்.

"ஏதோ ஒண்ண வாங்கறதுக்கா காலையில மொத வண்டி புடிச்சி எறங்கனோம்? பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும். கொல்ல போனா வருமா?"

அவர் பின்னாலேயே வந்தார்.

இரண்டாவது கடையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதை முழுசாகக் கேட்டுவிட்டு, "எனுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தெரியாதத தெரியும்னு சொல்லி விக்க மாட்டேன். நீயே வெளிய எடுத்துனு போய் பாத்துக்க," என்றார். நான் நம்ப முடியாமல் நின்றேன். அடுத்த வார்த்தையில் விஷயம் விளங்கியது. "ஒங்க வூட்டுக்காரர் மட்டும் இங்க உக்காரட்டும்."

என் வாழ்க்கையில் நான் அடகு வைத்த ஒரே ஆள் அவர்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மின்விசிறியையும் அவர் பக்கம் திருப்பிவிட்டார்கள். நான் முதல் டேப்பை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.

திரையில் என் முகம்தான் தெரிந்தது. என் மூக்குத்தியை அவ்வளவு தெளிவாக நான் எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. முந்தானையை எடுத்துக் கூடாரம் மாதிரி மேலே போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தால், வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. நான் பழக்கடை வரை நடந்தேன். புள்ளி நகரவில்லை. நான் தெருவில் நிற்க, அது என் வீட்டுக்காரருக்குத் துணையாகக் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கினேன். அழகான டேப், வெற்றிலை மாதிரி மெல்லிசு. அதுவும் நகரவில்லை. தெருவில் ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருத்தி நடுத்தெருவில் முன்னும் பின்னும் நடந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? "யக்கா, இன்னா தொலச்சிட்டுத் தேடற?" என்று ஒருவர் கேட்டார். "இன்னும் தொலைக்கல. தொலையக் கூடாதுன்னுதான் நடக்கறேன்," என்றேன்.

மூன்றாவது டேப் கனமாக இருந்தது. ஓரமெல்லாம் தடியான கருப்பு. சிம் போடுகிற வகை. கொஞ்ச நேரம் அது முழித்துக்கொண்டு நின்றது. பிறகு புள்ளி அசைந்தது. நான் பழக்கடைக்குப் போனால் அதுவும் போனது, திரும்பினால் அதுவும் திரும்பியது. முந்தானையை விலக்கிப் பார்த்தேன். நேர் வெயிலிலும் மங்கலாகத் தெரிந்தது. தெருவிலேயே கத்திவிடலாம் போலச் சந்தோஷமாக இருந்தது.

"ரெண்டாவதா மெல்லிசா ஒண்ணு பாத்தியே, அதான் எல்லாரும் வாங்கினு போறாங்க," என்றார் கடைக்கார அம்மா.

"அவுங்க படம் பாக்க வாங்கறாங்க. எனக்கு இதுதான்," என்றேன்.

பில் போடும்போது, யார் பேருக்கு என்று கேட்டு வழக்கம்போல் நாற்காலி பக்கம் திரும்பினார். வீட்டுக்காரர் எழுந்து வாயைத் திறப்பதற்குள் என் பெயரைச் சொன்னேன். அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். கடையின் வைஃபையிலேயே, கரியாலூர் அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு, எல்லை நடக்கிற செயலியையும் ஏற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தோம்.

மறுநாள் காலை, பனி விலகினதும் கொல்லைக்குப் போனோம். மழைக்குப் பிறகு ஓரமெல்லாம் உன்னிமுள் மண்டிக் கிடந்ததால் இரண்டு பேரும் செருப்புப் போட்டிருந்தோம். நாவல் மரத்தில் ஆரம்பித்து, ஓடையோரமாக இறங்கி, பாறையைத் தொட்டு, கீழ் மூலை வழியாக மேலேறி மறுபடி நாவல் மரத்துக்கு வந்தேன். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நம்ம கொல்லையாடி இது!" என்றார். வாங்கியதிலிருந்து அவர் அதை மதித்துப் பேசியது அப்போதுதான்.

நான் மட்டும் கீழ் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு அங்கே நேராக வரவில்லை. எலி கடித்த ரொட்டி மாதிரி உள்ளே வளைந்திருந்தது.

அந்த மூலையில் கடுக்காய் மரத்தடியில்தான் எங்கள் ஆட்களைப் புதைக்கிறோம். மாமனார் இருக்கிறார். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட என் முதல் குழந்தையும் இருக்கிறாள். அங்கே செருப்புக் காலோடு யாரும் போவதில்லை. ஏர்கூட அங்கே நட்டிருக்கிற கற்களுக்கு முன்னாலேயே திரும்பிவிடும். என் காலும் யாரும் சொல்லாமல் தானாகத் திரும்பியிருக்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு எல்லை நடக்க வந்தது எங்கள் தப்பு. ஊரெல்லாம் சண்டை போட்டு டேப் வாங்கி வந்து, என் பெண்ணை நானே கோட்டுக்கு வெளியே தள்ளியிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"அது அவுங்க எடம். அத நம்ம பேருல எழுதச் சொல்லிக் கேக்கலாமா? தப்பு இல்லியா?" என்றார் வீட்டுக்காரர். பயத்தோடுதான் கேட்டார். மரியாதைக்காக அவர் விட்டுவைத்த இடம் அது.

"நம்ம மரியாதக்கி வுட்டு வெச்சோம்னு கோட்டுக்குத் தெரியுமா? வெளிய இருக்குதுன்னா யாருதும் இல்லன்னு அர்த்தம். நாளைக்கி எவனாவது குழி வெட்டினா நீ போய் இன்னா சொல்லுவ?"

நான் போட்ட கோட்டை அழித்துவிட்டு, செருப்பைக் கழற்றி நாவல் மரத்தடியில் விட்டேன். கொஞ்சம் பொறுத்து அவரும் கழற்றினார். கத்தியால் முள்ளை விலக்கிக்கொண்டே அவர் முன்னால் போக, நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு பேர் காலிலும் ரத்தம். கற்களுக்கு அந்தப் பக்கமாக, மரத்தையும் சேர்த்துச் சுற்றி வந்தோம்.

அடுத்த கூட்டத்தில் படத்தைக் காட்டியபோது, மனு எழுதுகிறவர் பேனா முனையைக் கீழ் மூலையில் வைத்தார். "இங்க பயிரு ஒண்ணும் இல்லியேம்மா. இத வுட்டுட்டா படம் நேரா அழகா இருக்கும். சட்டுனு முடிஞ்சிடும்."

"பயிரு இல்ல. எங்க ஆளுங்க இருக்காங்க," என்றேன். "அதுல எம் பொண்ணு இருக்கா. கோடு அப்படியே இருக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். பட்டா இன்னும் வரவில்லை. அந்த மூலையை விட்டுக் கொடுத்தால்தான் வரும் என்றால், அது வராமலே போகட்டும்.